உளவுத்துறைக்கும் ஒரு ஃபியூஸ் வேண்டும்!



ஃபியூஸ் அடிக்கடி போகுதே என்று எரிச்சல்பட்டு, தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு எரியும், ஒருநாள் வயரிங்கும் சேர்ந்து எரியும்! இதே கதை ஒரு நாட்டின் உளவுத்துறையிலும் நடந்தது.

1947-ல் தொடங்கப்பட்டது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. அதன் தலைவரை நியமிக்க செனட் சபையின் ஒப்புதல் தேவை. ஆனால் நீக்குவதற்கு ஜனாதிபதி யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிக்கலே இங்கேதான்!

1972 ஜூன் 17. வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டிடத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் இரவில் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். விசாரணை வெள்ளை மாளிகைப் பக்கம் திரும்பியது. ஜூன் 23-ல் ஜனாதிபதி நிக்சன் ஒரு திட்டத்துக்குத் தலையசைத்தார். 'மேலே தோண்டாதீர்கள், இது தேச ரகசியம்' என்று எஃப்.பி.ஐ.யிடம் சி.ஐ.ஏ.வைச் சொல்ல வைப்பதுதான் திட்டம். சி.ஐ.ஏ. முதலில் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. அடுத்து, பிடிபட்டவர்களுக்கு ஜாமீன் பணம் கொடுக்கச் சொன்னார்கள். தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் முடியாது என்றார். ஃபியூஸ் வேலை செய்தது!

நவம்பரில் நிக்சன் மறுபடி ஜெயித்தார். ஹெல்ம்ஸ் பதவி பறிபோனது. ஈரானுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். 1973 பிப்ரவரியில் வந்த ஷ்லெசிங்கர் ஐந்தே மாதம்தான் இருந்தார். அதற்குள் ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று! பிறகு கோல்பி, 1976-ல் ஜார்ஜ் புஷ், 1977-ல் டர்னர். நாலே வருஷத்தில் நாற்காலியில் நாலு புது முகங்கள்! வேலை எப்படி ஓடும்?

ஜூன் 23 பேச்சின் ஒலிநாடா 1974 ஆகஸ்ட் 5-ல் வெளியானது. நாலாம் நாள் நிக்சன் பதவியில் இல்லை.

ஹெல்ம்ஸ் மட்டும் உத்தமரா? அதுவும் இல்லை. சிலி நாட்டு விவகாரத்தில் செனட்டிடம் உண்மையை மறைத்ததற்காக 1977-ல் அவருக்கு 2,000 டாலர் அபராதம். ஆக, ஒரு மனிதரின் மனசாட்சியை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதனால்தான் 1976-ல் உளவுத்துறையைக் கண்காணிக்க செனட்டில் நிரந்தரக் குழு அமைத்தார்கள்.

'அதெல்லாம் சரி, நமக்கென்னப்பா?' என்கிறீர்களா? நாளைக்கு நாமும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள்தான். மேலே இருப்பவர் கேட்கும் ரீடிங்கை எழுதுவோமா, மீட்டர் காட்டும் ரீடிங்கை எழுதுவோமா?

சிந்திப்போம் நண்பர்களே!