அறிக்கைக் கருவியும் தரவுத்தளத் திறவுகோலும்

ஈட்டிய பொருளைக் காத்தல், அதனை ஈட்டுதலினும் அரிய செயலாகும். முற்காலத்து வணிகன் தன் பொருளைப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்டான். இக்காலத்து வணிகனுக்கோ, பணத்தோடு ஒத்த மதிப்புடைய கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் தரவுத்தளம் என்னும் கண்காணாப் பெட்டகத்தில் உறைகின்றன. அதன் திறவுகோல் இரும்பினால் ஆயதன்று. சில எழுத்துக்களால் ஆயது. அத்திறவுகோலை, வணிக அறிக்கைகளைத் தொகுத்துத் தரும் மென்பொருட் கருவிகளிடம் எங்ஙனம் ஒப்புவித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். கணிப்பொறி பயின்று கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணவர் பலரிடம் தொடக்கத்திலேயே ஒப்படைக்கப்படும் பணிகளுள் இதுவும் ஒன்றாதலின், இதனை அறிந்திருத்தல் நன்று.

பாரதியாரின் குயில் தோப்பினால் தமிழன்பர் அறிந்த கருவடிக்குப்பத்தில் மளிகை வணிகர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு முத்தியாலுப்பேட்டையிலும் இலாசுப்பேட்டையிலும் கிளைக் கடைகள் உள. மூன்று கடைகளின் விற்பனையும் ஒரே தரவுத்தளத்திற் பதிவாகின்றது. எச்சரக்கு எவ்வளவு விற்றது, எது தேங்கி நிற்கின்றது என்பவற்றை நாள்தோறும் விடியற்காலையில் ஓர் அறிக்கையாகக் காண அவர் விரும்புகின்றார். இதற்கென அறிக்கைக் கருவி ஒன்று நிறுவப்படுகின்றது.

அக்கருவி தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ள ஐந்து செய்திகள் வேண்டும். அவையாவன: சர்வரின் முகவரி, வாயில் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் என்பன. இவற்றுள் வாயில் எண் யாவரும் அறிந்ததே. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திற்கு 5432 என்றும், மை எஸ்கியூஎல் தரவுத்தளத்திற்கு 3306 என்றும் வழக்கமாக அமைந்துள்ளன. முகவரியையும் தரவுத்தளத்தின் பெயரையும் கண்டறிதல் அத்துணை அரிதன்று. ஆகவே பெட்டகத்தைக் காப்பன பெரும்பாலும் இறுதி இரண்டுமே. அவற்றை இணைப்புச் சான்றுகள் என வழங்குவோம்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. மனிதர் ஒரு தளத்திற் புகுதற்கு இடும் கடவுச்சொல்லை, நன்கமைந்த தளம் எதுவும் உள்ளவாறே வைத்திராது; மீண்டும் பெறவியலாத குறியீடாக மாற்றியே வைக்கும். அக்குறியீடு களவு போயினும் மூலச்சொல்லை அறிதல் கடினம். அறிக்கைக் கருவியின் நிலை வேறு. அது விடியற்காலையில், அருகில் எவரும் இல்லாத வேளையில், தரவுத்தளத்தின் முன் நின்று மெய்யான கடவுச்சொல்லையே சொல்லுதல் வேண்டும். எனவே அதனை மீட்டெடுக்கத்தக்க வடிவில் தன்னகத்தே வைத்திருத்தல் இன்றியமையாதது. மறைகுறியாக்கம் செய்து வைப்பினும், அம்மறையைத் திறக்கும் சாவி வேறோரிடத்தில் இருந்தே தீரும். பல பெட்டகங்களின் திறவுகோல்களை ஒருங்கே கோத்து வைத்த வளையம் போன்றது அறிக்கைக் கருவி. அதனைக் கைக்கொண்டவன் அத்தனை பெட்டகங்களையும் கைக்கொண்டவனாவான்.

இஃது வெறும் ஊகமன்று. சிசென்ஸ் என்பது பல நாட்டு நிறுவனங்களுக்கு வணிக அறிக்கைகளை ஆக்கித் தரும் ஒரு குழுமம். அதன்கண் களவு நிகழ்ந்ததை அடுத்து, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பாகிய சிசா ஓர் அறிவிப்பு விடுத்தது. சிசென்ஸ் பணிகளுடன் தொடர்புற்ற சான்றுகள் அனைத்தையும் வாடிக்கையாளர் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனத்தின் நிரல் தொகுப்பினுள் நுழைந்தோர் ஆண்டுக் கிடந்த சான்று ஒன்றைக் கண்டெடுத்து, அதன் துணையால் மேகச் சேமிப்பகத்துட் புகுந்தனர் என்று பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதினார். ஒரு வீட்டில் நேர்ந்த களவிற்காக அயல் வீட்டார் யாவரும் தத்தம் பூட்டை மாற்ற நேர்ந்தது போலாயிற்று.

இலவசமாகக் கிடைக்கும் கருவிகளிலும் இத்தகைய இடர் உண்டு. அப்பாச்சி சூப்பர்செட் என்னும் கருவி, உலகறிந்த ஒரு மாதிரிச் சாவியுடன் வெளிவந்தது. நிறுவுவோர் அதனை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். எனினும், இணையத்தில் திறந்து கிடந்த ஏறத்தாழ 3,000 சூப்பர்செட் சர்வர்களுள் மூன்றில் இரு பங்கினர் மாற்றாமலே விட்டிருந்தனர் என 2023ஆம் ஆண்டில் ஹொரைசன்3 என்னும் ஆய்வு நிறுவனம் வெளிப்படுத்தியது. மெட்டாபேஸ் என்னும் பிறிதொரு கருவியில், நிறுவுவோர் மறைகுறியாக்கச் சாவி ஒன்றைத் தாமே அமைத்தாலன்றி இணைப்புச் சான்றுகள் மறைக்கப்படாமலே சேமிக்கப்படும். கருவியைக் குறைகூறிப் பயனில்லை. பூட்டைத் தந்தவர் பூட்டியும் தருவார் என எண்ணுதல் நம் பிழையே.

இனி, செய்யத்தக்கன யாவை எனின், கூறுதும்.

முதலாவது, தலைமைத் திறவுகோலைக் கருவியிடம் தருதல் ஆகாது. தரவுத்தளத்தை நிறுவும்போது அமையும் முதன்மைப் பயனருக்கு ஆக்கவும் அழிக்கவும் முழு உரிமை உண்டு. அவசரத்தில் அப்பெயரையே அறிக்கைக் கருவிக்கும் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக உளது. நம் மளிகை வணிகருக்கு வேண்டியது விற்பனைக் கணக்கைப் படித்தல் மட்டுமே. ஆதலின் படிக்கும் உரிமை மட்டும் உடைய தனிப் பயனர் ஒருவரைக் கருவிக்கென ஆக்குதல் வேண்டும். அப்பயனரும் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையும் இல்ல முகவரியையும் காணவேண்டுவதில்லை. அறிக்கைக்கு வேண்டிய நிரல்களை மட்டும் காட்டும் வியூ என்னும் சாளரத்தைத் திறந்துவைத்தால் போதும். அங்ஙனம் செய்யின், சான்று களவு போயினும் கள்வன் காண்பது பருப்பும் அரிசியும் விற்ற தொகையேயன்றி, மக்களின் விவரம் அன்று.

இரண்டாவது, ஒரு கருவிக்கு ஒரு பயனர் என வகுத்தல் வேண்டும். நான்கு கருவிகளும் ஒரே பெயரிற் புகுமாயின், தவறு நேர்ந்த வழி எதுவென்று பதிவேட்டைப் புரட்டியும் அறியலாகாது. அன்றியும், பணியாளர் ஒருவரின் சொந்தப் பயனர் பெயரைக் கருவிக்கு இடுதலும் தகாது. அவர் விலகும் நாளில் அப்பெயரை நீக்கினால் அறிக்கை நின்றுவிடும். அறிக்கை நிற்குமே என அஞ்சி நீக்காது விட்டால், விலகியவர் கையிலும் திறவுகோல் தங்கிவிடும்.

மூன்றாவது, சான்றுகளை நிரலினுள்ளும், எக்செல் தாளிலும், மின்னஞ்சலிலும், வாட்ஸ்அப் செய்தியிலும் எழுதி வைத்தல் கூடாது. இவை எளிதிற் படியெடுக்கப்படுவன. ஒருமுறை பரவியதை மீட்டல் இயலாது. சான்றுகளுக்கெனவே அமைந்த காப்பகங்கள் உள. சென்னையில் வேரூன்றிய ஸோஹோ குழுமத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு அத்தகைய காப்பக மென்பொருளை ஆக்குகின்றது. எனினும் காப்பகத்தையும் காத்தல் வேண்டும். அம்மென்பொருளில் 2022ஆம் ஆண்டில் ஒரு குறை கண்டறியப்பட்டது. நிறுவனம் திருத்தம் வெளியிட்ட பின்னரும், திருத்திக்கொள்ளாதோரைத் தாக்குவோர் இருந்தமையால், அவ்வாண்டு செப்டம்பரில் சிசா அதனைத் தன் எச்சரிக்கைப் பட்டியலிற் சேர்த்தது. திருத்தம் வந்தவுடன் ஏற்றுக்கொள்ளுதலும் காவலின் ஒரு பகுதியே என்பதனை இது காட்டும்.

நான்காவது, கடவுச்சொல்லை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். அறிந்தவர் ஒருவர் பணி நீங்கின் உடனே மாற்றுதல் வேண்டும். மாற்றினால் அறிக்கை தடைப்படுமே என அஞ்சவேண்டுவதில்லை. இரண்டாம் பயனர் ஒருவரை அமைத்து, கருவியை அப்பெயருக்கு மாற்றி, அறிக்கை செவ்வனே வருவதைக் கண்ட பின்னர், பழைய பயனரை நீக்கலாம். மை எஸ்கியூஎல் 8.0.14ஆம் பதிப்பு முதல், ஒரே பயனருக்குப் பழையதும் புதியதுமாக இரு கடவுச்சொற்கள் சிறிது காலம் ஒருங்கே செல்லுமாறும் அமைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, வாயிலைக் குறுக்குதல். கருவி இயங்கும் கணிப்பொறியின் முகவரியிலிருந்து மட்டுமே தரவுத்தளம் அழைப்பை ஏற்குமாறு செய்தல் வேண்டும். இடைவழியில் எவரும் ஒட்டுக் கேளாவண்ணம் இணைப்பும் மறைகுறியாக்கம் பெற்றிருத்தல் வேண்டும். அப்பயனர் எப்பொழுது நுழைந்தார், எதனைப் படித்தார் என்னும் பதிவை இடையிடையே நோக்குதலும் கடனாகும். விடியற்காலையில் மட்டும் வருபவர் நள்ளிரவில் வந்திருப்பின், காரணம் கேட்டல் வேண்டுமன்றோ?

இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்கே உரியன, சிறு கடைக்கு எதற்கு என்று வினவுவாரும் உளர். தரவுத்தளத்தில் உள்ள பெயர்கள் கடைக்காரருடையன அல்ல. அவரை நம்பி எண்ணையும் முகவரியையும் சொன்ன மக்களுடையன. அவ்விவரம் கள்வர் கைப்படின், பொய்யழைப்புக்கு இரையாகிச் சேமிப்பை இழப்பவள் கடைத்தெருவில் அரிசி வாங்கச் சென்ற ஒரு மூதாட்டியாக இருக்கலாம். சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்புச் செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துள் தெரிவித்தல் வேண்டும் என செர்ட்-இன் அமைப்பு 2022ஆம் ஆண்டு ஏப்ரலிற் பணித்தது.

தலைவனின் உடைமை முழுவதையும் கையில் வைத்திருந்து, ஒருநாள் கணக்கு ஒப்புவிக்க அழைக்கப்பட்ட உக்கிராணக்காரனின் உவமை நம் கல்லூரியார் பலரும் கேட்டதே. அறிக்கைக் கருவி ஓர் உக்கிராணக்காரன். அதனை அமைப்பவனும் ஓர் உக்கிராணக்காரனே. வேண்டிய அறைக்கு மட்டும் திறவுகோல் தருதலும், தந்ததற்குக் கணக்கு வைத்தலும், வேலை முடிந்தவுடன் திரும்ப வாங்குதலும் அவனுக்குரிய கடமைகள். நம் மாணவருள் ஒருவர் நாளை ஓர் அலுவலகத்தில் இணைப்புச் சான்றினை நிரப்பும் கட்டத்தின் முன் அமர்ந்து, தலைமைப் பயனரின் பெயரை எழுதக் கையெடுப்பாராயின், ஒரு கணம் நின்று எண்ணுவாராக. தனிப் பயனர் ஒருவரை அமைக்கக் கால் மணி நேரம் செல்லும். அதனைச் செலவிடுதலே அறியாத மக்கள் பலருக்கு அவர் ஆற்றும் தொண்டாகும்.