பிரேக் திரவமும் அதன் ஆயுளும்

மாரிகாலத்திலே உப்புச் சாடியை மூட மறந்துவிட்டால், மறுநாட் காலையில் உப்புக் கசிந்து கிடப்பதை இல்லத்தரசிகள் அறிவர். அதிலே எவரும் நீர் ஊற்றவில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உப்பே தன்பால் இழுத்துக்கொண்டது. இவ்வியல்பு படைத்த வேறொரு பொருள் முற்றத்திலே நிற்கும் மோட்டார்ச் சைக்கிளினுள்ளும் உண்டு. அதுவே பிரேக் திரவம். உப்புக் கசிந்தால் கறிக்குக் கேடில்லை. இத்திரவத்தில் நீர் சேர்ந்தாலோ உயிருக்கே கேடு நேரலாம்.

அடைத்த பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த ஹொண்டா சீபி 750 என்னும் வண்டிக்குப் பின்னர், இவ்வுண்மையைப் பயன்படுத்தும் தட்டுப் பிரேக்குகள் மோட்டார்ச் சைக்கிள்களிற் பெருகலாயின. ஓட்டுநர் பிரேக் பிடியை அமுக்க, திரவம் அவ்வமுக்கத்தைக் குழாய் வழியே சுமந்து சென்று, சில்லோடு சுழலும் தட்டின் இருபுறமும் உள்ள கட்டைகளை நெருக்குகின்றது. உராய்வினால் வண்டி நிற்கின்றது. திரவத்தைச் சுருக்க முடியாது என்பதே இவ்வமைப்பின் உயிர்நிலை.

உராய்வு உள்ள இடத்தில் வெப்பமும் உண்டு. 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஒருவர், வளைவுக்கு வளைவு பிரேக்கை அமுக்கியபடியே வருகின்றார். அவ்வெப்பம் திரவத்தையும் சுடுகின்றது. டொட் 4 என்னும் வகையைச் சேர்ந்த புதிய திரவம் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையிற் கொதித்தலாகாது என்பது நியமம். ஆனால், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையில், அந்நியமம் கேட்பது 155 பாகையே. திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவியோ எளிதிற் சுருங்கும். பிரேக் பிடி கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நில்லாது.

இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிட, பிரேக் முன்போலவே இயங்கும். ஊரிலே சமவெளியில் ஓடும்போது எக்குறையும் தோன்றாது. குறை வெளிப்படுவது, பிரேக் மிகவும் வேண்டப்படும் இறக்கத்திலேதான்.

நீர் எவ்வாறு உட்புகுகின்றது? கிண்ணத்தின் மூடியைத் திறக்குந்தோறும் ஈரக்காற்றுப் படுகின்றது. மூடியே இருந்தாலும், றப்பர்க் குழாய்களினூடே ஈரம் சிறிது சிறிதாகக் கசிந்து சேர்கின்றது. ஆகவே, இத்திரவம் ஓடிய மைல்களால் மாத்திரம் முதுமை அடைவதில்லை. கடந்த மாதங்களாலும் முதுமை அடைகின்றது. ஓடாமல் கொட்டிலில் நின்ற வண்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

எனவேதான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை முற்றாக மாற்றுமாறு உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். வண்டியோடு வந்த கைந்நூல் வேறு காலம் குறித்திருந்தால் அதனையே பின்பற்றுதல் வேண்டும். மலைப்பாதையில் நாளும் ஓடும் வண்டிக்கும், திரவம் கறுத்துவிட்ட வண்டிக்கும் அதற்கு முன்னரே மாற்றுதல் நன்று. கம்பியால் இழுபடும் பழைய வகைப் பிரேக்குக்குத் திரவமே இல்லை.

கிண்ணத்திற் குறைந்த அளவை நிரப்பிவிடுதல் மாற்றுதல் ஆகாது. அளவு குறைவது கட்டை தேய்ந்ததற்கோ எங்கோ ஒழுகுவதற்கோ அறிகுறி; காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். மாற்றும்போது பழைய திரவம் கீழுள்ள திருகாணி வழியே முழுதும் வெளியேற, மேலே கிண்ணம் வற்றாதவாறு புதியதை ஊற்றி, காற்றுப் புகாமற் காத்தல் வேண்டும். இவ்வேலை பழகிய கைக்கே உரியது. பிரேக் ஒயில் என்று வழங்குவதால் மயங்கி, இயந்திர ஒயிலை ஊற்றுவோர் றப்பர்ப் பகுதிகளை ஊதச் செய்து பிரேக்கையே கெடுப்பர். மூடியிற் குறித்த வகையே வேண்டும். சிலிக்கோனினால் ஆகிய டொட் 5ஐ ஏனையவற்றோடு கலத்தலாகாது. திறந்து வைத்த பழைய போத்தலும் உதவாது. அதுவும் ஈரம் குடித்தே இருக்கும். வண்ணப்பூச்சிற் சிந்தினால் உடனே நீரினாற் கழுவுதல் வேண்டும்.

மாற்றிய திகதியை ஒரு சிறு தாளில் எழுதி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தோடு வைத்தால் மறதிக்கு இடமில்லை. ஒன்றுவிட்ட ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் திரவத்தையும் மாற்றிவிடலாம். இறக்கத்திலே தாழ்ந்த கியரில் வண்டியை இறக்குவதும் பிரேக்கின் வெப்பத்தைத் தணிக்கும். ஒரு சிறு போத்தல் திரவத்தின் விலை பெரிதன்று. மாலையில் வாசலைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்குத் தந்தை வீடு வந்து சேர்வதே பெரிது.