குழாய்க்கும் ஒரு குறிப்பேடு

எமது மலையகத்தின் நோர்ட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்து நீர், சுரங்கத்தினூடாக வந்து, மலைச்சரிவில் உருக்குக் குழாய்களில் இறங்கிப் பழைய லக்ஷபான மின்நிலையத்தை அடைகிறது. 1950 முதல் அங்கு மின்சாரம் பிறக்கிறது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும் எனப் பௌதிகவியலில் படிக்கிறோம். எனவே குழாயின் அடிப்பகுதியே அதிகம் தாங்குகிறது.

இத்தகைய குழாயின் சுவர்த் தடிப்பைக் கழியொலிக் கருவியால் அளக்கலாம். ஒலி உட்சுவரில் பட்டுத் திரும்பும் நேரமே தடிப்பைக் காட்டும்.

ஒருவர் 12 என்றும், சில ஆண்டுகளின் பின் இன்னொருவர் 11 என்றும் எழுதியதாக வைத்துக்கொள்வோம். குழாய் தேய்ந்ததா, அளந்த இடம் மாறியதா, கருவிதான் பிழையா? வெறும் எண்ணைப் பார்த்து நான் எதையும் சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வோர் அளவுடனும் அலகு, திகதி, குழாய்த் துண்டின் இலக்கம், மேலிருந்து தூரம், சுற்றில் எந்தப் பக்கம் என்பன ஒரே ஒழுங்கில் பதியப்பட வேண்டும். பக்கத்தை மணிக்கூடு போலக் குறிப்பர்: உச்சி 12 மணி, அடி 6 மணி. கருவியின் இலக்கமும் அவசியம். ஒரு கருவி பிழையென்று பின்னர் தெரிந்தால், அது அளந்த இடங்களை மட்டும் மீள அளந்தால் போதும்.

இரு பதிவுகளை ஒப்பிட முடியாவிட்டால் தேய்வை உரிய காலத்தில் அறிய முடியாது. குழாயின் அடிவாரத்தில் மனிதர்கள் பணிபுரிகிறார்கள்.