பழைய பந்தய மிதிவண்டி: புதுப்பிப்பதா, புதியது வாங்குவதா?

மனிதனின் உடலுழைப்பை மிகக் குறைந்த விரயத்தோடு இயக்கமாக மாற்றும் ஊர்திகளுள் மிதிவண்டி முதன்மையானது. நன்கு பேணப்பட்ட எஃகு வண்டி ஒரு தலைமுறைக்கு மேலும் உழைக்கும். ஆயினும் வண்டி முதுமையடையும்போது, அதன் பாகங்களை மாற்றிப் புதுப்பிப்பதா, அதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதா என்ற ஐயம் எழுவது இயல்பு. பணம் மட்டுமன்றி, ஓட்டுபவரின் உயிர்ப் பாதுகாப்பும் இம்முடிவைச் சார்ந்திருப்பதால், இதனை முறையாக ஆராய்வது அவசியமாகும்.

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், முன்னாளில் நாக்ஸ்பேட் என வழங்கிய பகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்து வருகின்றன. அங்கு வசிக்கும் ஆசிரியர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவரிடம் இருப்பது இந்நாளில் 'ரோடு பைக்' என்று சொல்லப்படும் பந்தய மிதிவண்டி: எஃகுச் சட்டம், வளைந்த ஹாண்டில், 27 அங்குலச் சக்கரங்கள், பின்புறம் ஆறு பல்சக்கரங்கள். நாள்தோறும் பழைய மதராஸ் சாலை வழியே பள்ளிக்குச் செல்லவும், விடுமுறை நாட்களில் நந்தி மலை ஏறவும் அவர் விரும்புகிறார். 'எல்லாப் பாகங்களையும் மாற்றிவிடலாம்' என்கிறார் ஒருவர். 'புதிதாகவே வாங்கிவிடுங்கள்' என்கிறார் மற்றொருவர். இவ்விரு அபிப்பிராயங்களுள் எது சரி என்பதை ஓர் அளவுகோலும் ஒரு நூல் கயிறும் கொண்டு பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம்.

சட்டத்தின் சோதனை

மிதிவண்டியில் மாற்ற இயலாத பாகம் ஃபிரேம் எனப்படும் சட்டம் ஒன்றே. ஆகவே சோதனை அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஹாண்டிலைத் தாங்கும் முன்குழாயோடு மற்றக் குழாய்கள் சேரும் இடத்தில், அடிப்புறமாக, வர்ணம் மெல்லிய கோடாக வெடித்திருக்கிறதா, குழாய் சுருங்கிப் புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அவ்வாறு இருப்பின், வண்டி முன்னர் எதன்மீதோ மோதியிருக்கிறது என்று கொள்ளலாம். முன் ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருத்தலும் அதே குறியாகும். பெடல் அச்சைத் தாங்கும் குழாயினுள் துரு அரித்திருக்கிறதா என்பதையும் காண வேண்டும்.

அடுத்து நூல் சோதனை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதன் அச்சு பொருந்தும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டுக. அதனை முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, எதிர்ப்புறப் பிளவில் இறுக்கிக் கட்டுக. சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து ஒப்பிடுக. ஓரிரு மில்லிமீட்டர் வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதன்று. அதற்கு மேற்பட்டால், தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் சட்டத்தைக் காட்ட வேண்டும்.

வெடிப்பு காணப்பட்டாலோ, சட்டத்தின் அளவு ஓட்டுபவரின் உடலுக்குப் பொருந்தாவிட்டாலோ ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது; எவ்வளவு செலவிட்டாலும் அவ்வண்டி சீர்ப்படாது. புதியது வாங்குவதே முறை.

தேய்வுப் பாகங்கள்

சட்டம் நன்றாயிருப்பின், தேய்வதற்கென்றே அமைந்த பாகங்களைக் கவனிக்க வேண்டும். செயினின் ஒவ்வோர் இணைப்பும் அரை அங்குல நீளமுள்ளது. எனவே ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடுவுக்கு அளந்தால், புதிய செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். இந்நீளம் 12 அங்குலத்தைவிட 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் கூடியிருந்தால், பல்சக்கரங்களும் உடன் தேய்ந்திருக்கும். புதிய செயின் அவற்றின்மீது நழுவும். காலத்தில் அளப்பவர் ஒரு செயினின் விலையோடு தப்புகிறார். அளக்காதவர் மூன்று பாகங்களுக்கு விலை கொடுக்கிறார்.

டயரின் பக்கங்களில் வெடிப்பு, பிரேக் கம்பியில் அறுந்த இழை, கல்லாய் இறுகிய பிரேக் ரப்பர் ஆகிய எதுவும் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. சக்கரத்தின் ரிம் முலாமிட்ட எஃகாக இருந்தால் தனிக் கவனம் வேண்டும். நனைந்த எஃகு ரிம்மில் பிரேக்கின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். வண்டி நிற்கும் தூரம் பன்மடங்காகும். அலுமினியக் கலவை ரிம்மில் இக்குறை மிகவும் குறைவு. மழைக்காலத்தில் பேருந்துகளுக்கிடையே செல்பவருக்கு, ரிம்மை மாற்றுவது அலங்காரமன்று, உயிர்க்காப்பாகும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்று

புதிய நாகரிகப் பாகங்களைப் பழைய வண்டியில் பொருத்த முற்படும்போதுதான் செலவு எதிர்பாராத வகையில் பெருகுகிறது. 27 அங்குலச் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 630 மில்லிமீட்டர். இன்று பெருவழக்கிலுள்ள 700 சி சக்கரத்தில் அது 622 மில்லிமீட்டர். பெயரளவில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், ஒன்றன் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. 700 சி சக்கரம் மாட்டினால் பிரேக் ரப்பர் 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும்; பழைய பிரேக்கின் கை அவ்வளவு எட்டாவிட்டால் பிரேக்கையும் மாற்ற நேரும்.

ஆறு பல்சக்கர வண்டிகளில் பின் அச்சுக்குரிய இடைவெளி பெரும்பாலும் 126 மில்லிமீட்டர். எட்டு முதல் பதினொரு பல்சக்கரம் கொண்ட பந்தய வண்டிகளுக்கு 130 வேண்டும். எஃகுச் சட்டத்தை இந்த 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேர்ந்த தொழிலாளி விரித்துக் கொடுக்கலாம். அலுமினியச் சட்டத்தில் அது கூடாது, வெடிப்பு உண்டாகும். பல்சக்கரம் கூடினால் அதற்கேற்ற செயின், கியர் மாற்றி, நெம்புகோல் யாவும் புதிதாக வேண்டும். டிஸ்க் பிரேக் பொருத்தவோ பழைய சட்டத்தில் இடமே இராது.

எடையும் ஏற்றமும்

புதிய வண்டி இலேசானது என்பது மற்றொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இதையும் கணக்கிடுவோம். ஓட்டுபவர் 65 கிலோ, பழைய வண்டி 12 கிலோ, புதிய வண்டி 9 கிலோ எனக் கொள்வோம். மொத்த எடை 77 கிலோவிலிருந்து 74 கிலோவாகிறது. அதாவது நூற்றுக்கு நான்கு பங்கே குறைவு. ஓட்டுபவரின் ஆற்றல் 150 வாட் எனின், 100 மீட்டர் உயரம் ஏறுவதில் மிச்சமாகும் நேரம் ஏறக்குறைய 20 வினாடி. சமதரையில் பெருந்தடை காற்றேயாதலால், எடையின் பயன் இன்னும் சிறிது.

இதனுடன் வேறொரு மாற்றத்தை ஒப்பிடுக. முன்புறம் 42 பல், பின்புறம் 24 பல் உள்ள கியரில் விகிதம் 1.75. பின்புறம் 28 பல் உள்ள ஃப்ரீவீலை மாட்டினால் விகிதம் 1.5 ஆகிறது. வேகம் ஏழில் ஒரு பங்கு குறையும். ஆனால் பெடலின்மீது செலுத்த வேண்டிய விசையும் அதே அளவு குறையும். ஏற்றத்தில் முழங்காலுக்குக் கிடைக்கும் இந்த ஆறுதலின் விலை, புதிய வண்டியின் விலையில் மிகச் சிறு பகுதியே. பழைய கியர் மாற்றி 28 பல்லை ஏற்குமா என்பதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவு செய்யும் முறை

ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுக. முதலாவதில் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை: டயர், பிரேக் ரப்பர், கம்பி, செயின், தேவையெனில் ரிம். இரண்டாவதில் விருப்பத்துக்குரியவை. முதற்பட்டியலை மட்டும் நிறைவேற்றினால் வண்டி தன் பணிக்குப் போதுமாயின், புதுப்பித்தலே சிக்கனம். இரண்டாம் பட்டியல் நீண்டு, இரண்டன் கூட்டுத்தொகை புதிய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டுமானால், புதியது வாங்குவது நன்று. தொழிற்சாலை மொத்தமாக வாங்கும் பாகங்களை நாம் சில்லறை விலைக்கே வாங்க வேண்டியிருத்தலின், பாகம் பாகமாகப் புதிய வண்டியை உருவாக்குவது ஒருபோதும் மலிவாகாது. அந்நிலையிலும் சீட்டு, பெடல், விளக்கு ஆகியவற்றைப் பெரும்பாலும் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நமது மர்பி டவுன் ஆசிரியரின் வண்டியில் சட்டம் சோதனையில் தேறுமாயின், அலுமினியக் கலவை ரிம் கொண்ட 27 அங்குலச் சக்கரங்கள், நல்ல டயர், புதிய பிரேக் ரப்பரும் கம்பியும், செயினும், 28 பல் ஃப்ரீவீலும் அவருக்குப் போதும். பள்ளிக்கும் செல்லலாம், நந்தி மலையும் ஏறலாம். பதினொரு பல்சக்கரமும் டிஸ்க் பிரேக்கும் வேண்டுமென்று அவர் கருதினால், பழைய வண்டியைத் துன்புறுத்தாமல் புதியதற்குப் பணம் சேர்ப்பதே அறிவுடைமை.

செயினை அளத்தலும், நூல் சோதனையும், கியர் விகிதக் கணக்கும் எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடியவை. மாணவர்கள் தாங்கள் ஓட்டிவரும் வண்டிகளையே பள்ளி முற்றத்தில் நிறுத்தி இவற்றைச் செய்து பார்க்கச் சொன்னால், விகிதமும் விசையும் அவர்களுக்கு விளங்கும்; எவருடைய பிரேக் பிடிக்கவில்லை என்பதும் அன்றே தெரிந்துவிடும்.