பெட்ரோலில் மிச்சம் ஆயிரக்கணக்கில், விற்கும்போது நஷ்டம் லட்சக்கணக்கில்! பச்சை நம்பர் பிளேட் சொகுசு கார்களின் வரவு–செலவு

சத்தம் கிடையாது. புகை கிடையாது. பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் கார் வந்ததே தெரிகிறது. நம்பர் பிளேட்டைப் பார்த்தால் பச்சை நிறம். அதில் வெள்ளை எழுத்து.

பேட்டரியில் ஓடும் சொகுசு கார்கள்தான் இவை. அண்ணா சாலை சிக்னலில் ஒன்று வந்து நின்றால், பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள்கூட ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார்கள்.

விலையா? அரை கோடி, ஒரு கோடி, இரண்டு கோடி என்று ஏறிக்கொண்டே போகிறது. ஏழரை கோடி ரூபாய்க்கும் கார் இருக்கிறது!

"விலை போனால் போகட்டும். பெட்ரோல் செலவே இல்லையாமே! நாலு வருஷத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடுமே!" என்று டீக்கடைகளில் பேசிக்கொள்கிறார்கள்.

பெட்ரோல் செலவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் போட்ட பணம் திரும்பி வருகிறதா? அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

காருக்குள் தியேட்டர்

பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் "ஐ-7" காரில் முதலாளி உட்காரும் இடம் பின்சீட். பட்டனை அமுக்கினால் கூரையில் இருந்து 31.3 அங்குலத் திரை ஒன்று இறங்கி வரும். வீட்டு டி.வி. அளவு! சாய்ந்துகொண்டு சினிமா பார்த்தபடியே ஆபீசுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது இதன் ஷோரூம் விலை ரூ.1 கோடியே 95 லட்சம்.

பென்ஸ் கம்பெனியின் "ஈ.கியூ.எஸ். 580" கார் புனே அருகே சாக்கன் தொழிற்சாலையில் பூட்டப்படுகிறது. 2022 செப்டம்பரில் ரூ.1 கோடியே 55 லட்சத்துக்கு வந்தது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 857 கிலோ மீட்டர் ஓடும் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அது பரிசோதனைக் கூடத்துக் கணக்கு. மே மாத வெயிலில் ஏ.சி.யை முழுசாகப் போட்டுக்கொண்டு பாடி மேம்பாலத்தில் ஊர்ந்தால் அந்த 857 கிடைக்காது.

ஏழரை கோடி கார் என்பது ரோல்ஸ்ராய்ஸ் "ஸ்பெக்டர்". 2024 ஜனவரியில் வந்தது. எடை கிட்டத்தட்ட 3 டன்! இந்தக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சார்லஸ் ரோல்ஸ், 1900-ம் வருடமே மின்சாரக் காரைப் பாராட்டிப் பேசியவர். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, அதிர்வு இல்லை, ஆனால் அங்கங்கே சார்ஜ் ஏற்றும் இடம் வேண்டுமே என்றார் அவர். 120 வருடம் கழித்தும் அதே பேச்சுதான் நடக்கிறது.

காலை வைத்ததும் பாய்கிறதே, அது எப்படி? பெட்ரோல் என்ஜின் வேகம் பிடித்த பிறகுதான் முழு இழுவையைக் கொடுக்கும். நடுவில் கியர் மாற வேண்டும். மின்சார மோட்டாருக்கு அந்தத் தாமதம் இல்லை. நின்ற இடத்திலேயே முழு இழுவை கிடைத்துவிடும். அதனால்தான் "ஐ-7" மாதிரி இரண்டரை டன் கனமுள்ள வண்டி 5 வினாடிக்குள் 100 கிலோ மீட்டர் வேகத்தைத் தொடுகிறது.

மின்சார மோட்டார் வண்டி சென்னைக்காரர்களுக்குப் புதிது அல்ல. கடற்கரை–தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் இருந்து ஓடுகிறது. சீசன் டிக்கெட்காரர்கள் தினமும் போவது மின்சார வண்டியில்தான். திரை மட்டும்தான் இறங்கி வராது!

பரனூர் பக்கம்

செங்கல்பட்டு ரெயிலில் போகிறவர்களுக்குப் பரனூர் ஸ்டேசன் தெரிந்திருக்கும். அதை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. 2007-ல் திறந்தது. அந்தக் கம்பெனி இந்தியாவில் தயாரித்த முதல் மின்சாரக் கார் இங்கேதான் உருவாகிறது.

"ஐ.எக்ஸ்-1" நீளமான மாடல் அது. 2025 ஜனவரியில் ரூ.49 லட்சம் என்று விலை வைத்தார்கள். ஜெர்மன்காரன் பெயர் போட்ட கார், மின்சார வண்டி, அதுவும் 50 லட்சத்துக்குள்! டாக்டர்கள், ஐ.டி. கம்பெனி அதிகாரிகள், நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளிகள் எல்லோருக்கும் ஆசை வரத்தானே செய்யும்?

உள்ளூரில் பூட்டாமல் கப்பலில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லாவே சாட்சி. 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது "மாடல் ஒய்" விலை ரூ.59 லட்சத்து 89 ஆயிரம். அமெரிக்காவில் அதே பெயர் கார் அப்போது சுமார் 45 ஆயிரம் டாலர். நம் பணத்தில் 39 லட்சத்துக்குள். மீதி 20 லட்சத்துக்குப் பெரிய காரணம் இறக்குமதி வரி!

வரியில்தான் விஷயம்

இந்தக் கார்களின் கவர்ச்சியில் பாதி, வரிச் சலுகை.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2019 ஆகஸ்டில் இருந்து இதே நிலைதான். பெரிய பெட்ரோல், டீசல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 49 லட்ச ரூபாய் காரில் வரியைக் கழித்தால் அசல் ரூ.46 லட்சத்து 67 ஆயிரம். அதே அசல் விலையில் ஒரு பெரிய பெட்ரோல் கார் வந்தால், 40 சதவீத வரியோடு ரூ.65 லட்சத்தைத் தாண்டும். பேட்டரியால் கூடும் தயாரிப்புச் செலவை இந்த வரி வித்தியாசம்தான் மூடி மறைக்கிறது.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரில் 20 சதவீதம் ஆக்கினார்கள். மின்சாரக் காருக்கு 2023-ம் வருட மின்வாகனக் கொள்கைப்படி 2025 இறுதி வரை முழு விலக்கு. அந்தக் காலத்தில் 50 லட்ச ரூபாய் கார் வாங்கியவருக்குச் சாலை வரியில் மட்டும் 10 லட்சம் மிச்சம்!

ஆனால் சலுகை என்பது சர்க்கார் கொடுப்பது. எடுக்கவும் செய்யலாம். கர்நாடகத்தில் 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீதம் வாழ்நாள் வரி போட்டுவிட்டார்கள். கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு இருந்தது. அதுவும் 2023 மார்ச் 31 வரை கொடுத்த கடன்களோடு நின்றுபோனது.

கரண்ட் பில்

இனி ஓட்டும் செலவு.

மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஐ.எக்ஸ்-1" அளவுள்ள காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோ மீட்டருக்கு 20 யூனிட் வைக்கலாம். மாதம் 200 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 400 யூனிட்.

சொகுசு கார் வைத்திருப்பவர் வீட்டில் நாலு ஏ.சி. ஓடும். அதனால் பில் ஏற்கனவே 1,000 யூனிட்டைத் தாண்டியிருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2024 ஜூலை கட்டணப்படி ரூ.11.80. இந்த உச்சக் கட்டணத்தையே போட்டாலும் மாதம் ரூ.2,360-தான்.

பெட்ரோல் கார் என்றால்? லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் கொடுக்கும் சொகுசு வண்டிக்கு 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் ரூ.10 ஆயிரம்.

மாதம் 7,600 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு சுமார் 92 ஆயிரம். ஐந்து வருடத்தில் நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. என்ஜின் ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் இல்லை, சைலன்சர் இல்லை. பிரேக்கும் சீக்கிரம் தேயாது. மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்புகிறது.

வீட்டில் சார்ஜ் ஏற்ற வழியில்லாமல் வெளியில் போனால் கதை வேறு. கரண்ட் விலைக்கு மேல் நிலையத்துக்காரர் லாபமும், 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் முதலில் சங்கத்தாரைக் கேட்டுவிட்டுத்தான் காரையே பார்க்க வேண்டும்.

தவணையும் டயரும்

ஓட்டும் செலவு இப்படிச் சிக்கனம் என்றால், பணம் எங்கேதான் போகிறது?

40 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 83 ஆயிரம்! பெட்ரோலில் மிச்சமாகும் 7,600 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல்லிளிக்கிறது. கட்டும் வட்டி மட்டும் 9 லட்சத்து 80 ஆயிரம். ஐந்து வருட பெட்ரோல் மிச்சத்தைப் போல இரண்டு மடங்கு!

வண்டி கனம் அதிகம், பாய்ச்சலும் அதிகம். அதனால் டயர் சீக்கிரம் தேயும். பெரிய கார்களில் 20, 21 அங்குல டயர்கள். நாலையும் மாற்றினால் லட்சத்தைத் தாண்டுகிறது.

இன்னொரு வேடிக்கை. இத்தனை பெரிய பேட்டரி இருந்தும், கதவு திறக்க, விளக்கு எரிய, கம்ப்யூட்டர் விழிக்க, மற்ற கார்களில் உள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரியும் உள்ளே இருக்கிறது. அது செத்தால் கோடி ரூபாய் கார் கதவடைத்துக்கொண்டு நிற்கும்!

விற்கப் போனால்

அசல் அடி விழுவது இங்கேதான்.

எந்தக் காருக்குமே இன்சூரன்ஸ் கணக்கில் மதிப்பு இறங்கும். ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம், மூன்றாவது வருடம் 30 சதவீதம், நாலு வருடம் தாண்டினால் 50 சதவீதம். 49 லட்சம் கார் ஐந்தாவது வருடத்தில் ஏட்டில் இருபத்தி நாலரை லட்சம். இது பெட்ரோல் காருக்கும் உண்டு. ஆனால் பெட்ரோல் சொகுசு காருக்கு மெக்கானிக் இருக்கிறார், பழைய பார்ட்ஸ் இருக்கிறது. மின்சாரக் காரை வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "பேட்டரி எத்தனை வருசம் வரும்?" அந்தக் கேள்வியிலேயே விலை இறங்கிவிடுகிறது.

செல்போன் மாதிரிதான் இதுவும். வருடா வருடம் புது மாடலில் தூரம் கூடுகிறது, சார்ஜ் நேரம் குறைகிறது. பழைய மாடலை யார் சீந்துவார்கள்? போதாக்குறைக்குக் கம்பெனியே புதுக் கார் விலையைக் குறைத்தால், அன்று இரவே பழைய கார் விலையும் படுத்துவிடும்.

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. 2023-ல் டெஸ்லா அடுத்தடுத்து விலையைக் குறைத்தது. வாடகைக் கார் கம்பெனியான ஹெர்ட்ஸ், ஆயிரக்கணக்கில் டெஸ்லா வாங்கி வைத்திருந்தது. மதிப்பு சரிந்தது. மோதினால் ரிப்பேர் செலவும் அதிகம் என்று புலம்பியது. 2024 ஜனவரியில் சுமார் 20 ஆயிரம் மின்சாரக் கார்களை விற்றுத் தள்ளப்போவதாக அறிவித்தது. கார் வியாபாரமே தொழிலாக உள்ளவர்கள் கதி இது!

பேட்டரி விலை

சும்மா பயமுறுத்தவும் கூடாது. பி.எம்.டபிள்யூ. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர் வாரண்டி. பென்ஸ் "ஈ.கியூ.எஸ்."சுக்கு 10 வருடம் அல்லது இரண்டரை லட்சம் கிலோ மீட்டர். முதல் முதலாளிக்குப் பேட்டரி கவலை அனேகமாக இல்லை.

கவலை அடுத்தவருக்கு. 2024-ல் உலகச் சந்தையில் பேட்டரியின் சராசரி விலை ஒரு கிலோவாட்-மணிக்கு 115 டாலர். "ஈ.கியூ.எஸ்." பேட்டரி 107.8 கிலோவாட்-மணி. மொத்த விலைக் கணக்கிலேயே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. கார் கம்பெனி லாபம், இறக்குமதி வரி, கூலி எல்லாம் சேர்த்து வரும் பில் அதைவிட எவ்வளவோ பெரிது.

சென்னையில் இன்னொரு பயமும் உண்டு. பேட்டரி இருப்பது காரின் அடிவயிற்றில். தண்ணீர் புகாதபடிதான் மூடுகிறார்கள். ஆனாலும் 2015-லும், 2023 மிச்சாங் புயலிலும் வந்த மாதிரி வெள்ளத்தில் நாள் கணக்கில் மூழ்கிக் கிடந்தால் யாராலும் உத்தரவாதம் சொல்ல முடியாது. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், இன்சூரன்சில் "முழு நஷ்டம்" என்று எழுதிவிடுவார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, அதைச் சிரிப்பதற்கில்லை.

பாதி விலைக்கு வந்தால்

கோடீசுவரர் ஒரு கோடி போட்டு வாங்கி, நாலு வருடத்தில் பாதியை இழந்தால் அவர் தாங்குவார். வேறு கார் வாங்கப் போய்விடுவார்.

ஆனால் அந்தக் கார் பாதி விலைக்கும் கீழே சந்தைக்கு வரும்போது ஆசைப்படுவது யார்? நடுத்தர வியாபாரி. "பென்ஸ் கார், 50 லட்சம்தான், பெட்ரோலும் வேண்டாம்!" என்று புரோக்கர் சொல்வார். கார் விலை பாதியானாலும் டயர், கண்ணாடி, பம்பர், பேட்டரி விலை பாதியாவதில்லை. அவை எப்போதும் கோடி ரூபாய் காரின் பார்ட்ஸ்தான்.

அப்படியும் வாங்கத் துணிந்தவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியைச் சோதித்து, மீதித் திறன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். வாரண்டி புது முதலாளி பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, காரை லிப்டில் ஏற்றிக் கீழே பார்க்க வேண்டும். சென்னைத் தெருக்களில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்கள், எந்தக் காரின் அடித்தட்டையும் சும்மா விட்டதில்லை.