அணையாத விளக்கும் எரியாத விளக்கும்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் கார் ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். நெய்வேலியில் ரிட்டயர் ஆனவர்கள் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் காரைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பார்கள். மீட்டர் போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தால்தான் நம்மிடம் வருவார்கள். "வண்டி நல்லாத்தான் ஓடுது தம்பி, அந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடு" என்பார்கள். அணைப்பது சுலபம். வம்பே அதில்தான் இருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். ஏர்பேக் கம்ப்யூட்டர் தன் சென்சார், ஒயர், பை எல்லாவற்றையும் அந்த நேரத்தில் சோதித்துக்கொள்கிறது. அணையவில்லை என்றால் எங்கோ குறை. அந்த நிலையில் வண்டி மோதினால் பை விரியும் என்று நம்பி உட்கார முடியாது.

நான் முதலில் சீட்டுக்கடியில்தான் குனிவேன். மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக், பெல்ட் சமாச்சாரம். புது சீட் கவர் போட்டபோதோ, தரைக்கு மேட் ஒட்ட சீட்டைக் கழற்றியபோதோ அது சரியாகப் பூட்டாமல் விட்டுப்போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறிய வண்டி என்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும், அடியில் கப்ளர் பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும். அறுப்பு முடிந்த பருவத்தில் எலியின் வேலையும் உண்டு. ஹாரனும் சேர்ந்து அடிக்கவில்லையா? அப்போது சந்தேகம் ஸ்டீயரிங்கின் மேல். உள்ளே சுருண்டு கிடக்கும் பட்டை கேபிள், கிளாக் ஸ்பிரிங் என்போம், அறுந்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். ஒட்டுப்போடக் கூடாது.

கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். சில கம்பெனி ஒன்றரை நிமிஷம் என்கிறது, சில மூன்று நிமிஷம். விபத்தில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு கெப்பாசிட்டர் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. டெஸ்ட் பல்பு, சாதா மீட்டர் எதுவும் அந்தக் கப்ளரில் படக் கூடாது. பை விரிய ஏறக்குறைய 30 மில்லி செகண்ட் போதும். முகத்தைத் திருப்ப நேரம் இருக்காது. குறை எங்கே என்று ஸ்கேனர் காட்டும் கோளாறுக் கோடைப் பார்க்கலாம் என்றால், மொபைலில் வேலை செய்யும் மலிவு ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டுமே படிக்கும். ஏர்பேக் கோடு படிக்கிற ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி அந்தச் சுலப வழி. பை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகினால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். பல்பைப் பிடுங்குகிறவர்களும், வேறு விளக்கோடு இணைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால் பழைய கார் வாங்கப் போகும்போது சாவியைப் போட்டு அந்த விளக்கை மட்டும் கவனியுங்கள். எரியவே இல்லை என்றால், எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய கீழ்நிலை மாடல்களில் பையே இல்லாதிருக்கலாம், அவற்றில் விளக்கைத் தேட வேண்டாம்.

விளக்குக்கே தெரியாத கோளாறும் ஒன்று உண்டு. டகாட்டா கம்பெனியின் சில ஏர்பேக்குகளில் வாயு உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கான வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது இரும்புக் குப்பியையே சிதறடித்தது. இந்தியாவில் ஹோண்டா 2017 ஜனவரியில் மட்டும் 2012-இல் தயாரான சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு கார்கள் 41,580-ஐத் திரும்ப அழைத்தது. அதன் பிறகும் அழைப்புகள் வந்தன. மாற்றித் தருவது இலவசம். அந்தக் காலத்துக் கார் வைத்திருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வண்டி இரண்டு மூன்று கை மாறியிருந்தால், முந்தைய ஓனர் வீட்டுக்கு வந்த கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்காது.