முதல் உறுமலுக்கு முன்

ரீபோர் முடித்துப் பூட்டிய அம்பாசடர் இன்ஜின் ஒன்று எங்கள் உறவினர் வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, பேரிங் புதுசு. ஒரு முறைகூட ஓடியதில்லை. வெளியே எடுத்துப் பலகை மேல் வைத்த அன்று எல்லோருக்கும் ஒரே அவசரம். காரில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "மூணு நாளைக்கு யாரும் சாவியைப் பத்திப் பேசாதீங்க" என்றார்.

அந்த மூன்று நாளில் அவர் செய்ததில் பெரும்பாலானது எண்ணெய் பற்றியது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரானது அம்பாசடர். அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில், ஐட்லிங்கிலேயே கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றி எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் தலையில் விழும் விசை, வண்டி முழுச் சுமையில் ஏறும்போது ஒரு டன்னைத் தாண்டும். அவ்வளவையும் தாங்குவது மெல்லிய பேரிங் ஷெல். ஷாஃப்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவே இருப்பதோ சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனாலும் சரியாக ஓடும் இன்ஜினில் ஷாஃப்ட் ஷெல்லைத் தொடுவதே இல்லை. எண்ணெயில் மிதக்கிறது.

எண்ணெய் பம்ப்பின் அழுத்தம்தான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மை அதைவிட அழகானது. 1883இல் பீச்சம் டவர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையை எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் எல்லையைத் தாண்டி ஓடியது. பேரிங்கின் மீதிருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். அங்கே பம்ப் எதுவும் கிடையாது. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் ஆப்பு போலக் குறுகும் இடைவெளிக்குள் நெருக்க, அந்த நெருக்கலே அச்சைத் தூக்கியது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பவர்கள் அவருடைய சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

ஆக, பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து கொடுப்பது மட்டும். தன்னைத் தூக்கிக்கொள்வது ஷாஃப்டின் வேலை. ஆனால் அது சுற்றத் தொடங்கும்போதே எண்ணெய் அங்கே இருந்தாக வேண்டும். பதினோரு வருடத்தில் பூட்டும்போது தடவிய எண்ணெய் வடிந்து கீழே ஆயில் சேம்பருக்குப் போய்விட்டது. குழாய்கள் காலி, பம்ப்பும் வறண்டிருக்கிறது.

காற்றும் சும்மா இருக்கவில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும், குறைந்தது இரண்டு சிலிண்டர்களில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். முழுக்க மூடிய இன்ஜின் என்று ஒன்று கிடையாது. அந்த வழியே வருடக்கணக்கில் ஈரக்காற்று போய்வந்து, புதிதாகத் தேய்த்த சிலிண்டர் சுவரில் துரு பூக்க வைக்கும். ரிங் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது செல்ஃப் மோட்டார் பலமாகச் சுழற்றினால் ரிங் உடையலாம். அதனால் அண்ணன் முதல் நாள் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லத் திருப்பினார். முதல் கால் சுற்றுக்கு முரண்டு பிடித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுத்து ஆயில் சேம்பரைக் கழற்றி, பம்ப்பைப் பிரித்து, உள்ளே வாசலின் அடைத்தார். எனக்குத் திகைப்பாக இருந்தது. வறண்ட பம்ப் தன் இடுக்குகளில் காற்றை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கும். கீழிருந்து எண்ணெயை உறிஞ்சும் பிடிப்பு அதற்கு இராது. வாசலின் அந்த இடுக்குகளை அடைத்துப் பிடிப்பைத் தரும். சூடேறியதும் உருகி எண்ணெயோடு கலந்துவிடும். அமெரிக்காவின் செவர்லே வி8 இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு கம்பியை இறக்கி, டிரில் மெஷினாலேயே பம்ப்பைச் சுழற்றலாம். அம்பாசடரில் அந்தக் குறுக்குவழி இல்லை. காரில் ஏற்றிய பிறகு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்துச் சுழற்றினோம். பிளக் இல்லாததால் அமுக்கம் இல்லை. பேரிங்கில் சுமையும் குறைவு. சில நொடி சுழற்றி, மோட்டார் ஆறக் காத்திருந்து, மறுபடி சுழற்றி, ஆயில் பிரஷர் முள் பூஜ்ஜியத்திலிருந்து எழுந்தபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பெட்ரோல், தண்ணீர், டைமிங் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பெட்ரோல் காற்றோடு வினைபுரிந்து பிசினாகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும், அதனால் முழுக்கச் சுத்தம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், அதனால் புதுக் குழாய். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து மெல்ல நீர் ஊற்ற வேண்டும். உள்ளே காற்று சிக்கினால், வெப்ப உணரி நீரில் நனையாமல், கொதிக்கும் இன்ஜினைக் குளிர்ச்சி என்று காட்டிவிடும். பிளக்கில் தீப்பொறி விழும் டைமிங்கைப் பல்பு வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். பற்றாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் பூசிய எண்ணெயைக் கழுவிவிடும்.

பற்றிய பிறகும் ஆபத்து தீரவில்லை. இது பலருக்குத் தெரியாது: வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் புதிதாக இருந்தால், பற்றிய இன்ஜினை ஐட்லிங்கில் விடக் கூடாது. கேம் மேடு டேப்பட்டைத் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு. அங்கே எண்ணெய் போவதெல்லாம் பெரும்பாலும் சிதறலால்தான். மெதுவாக ஓடும் கிராங்க் குறைவாகவே சிதறடிக்கும். போதாததற்கு, மெதுவாக ஓடும்போதுதான் மேட்டின் உச்சியில் வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் விழுகிறது. வேகம் கூடினால் வால்வின் உந்தமே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே முதல் இருபது நிமிடம் சுமார் 2000 ஆர்பிஎம். ஆயிலில் இருக்கும், துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம் அந்த உலோகக் கோட்டில் தியாகப் படலமாகப் படியும். புகைசுத்திகரிப்பான் கெடாமலிருக்க இன்றைய கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜினுக்கு அது கூடுதலாக உள்ள ஆயிலைத் தேடி வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை நான்கரைக்கு, இரண்டாவது சுற்றிலேயே பற்றியது. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. அவர் கண் பிரஷர் முள்ளை விட்டு நகரவில்லை. ஆறிய பிறகு எண்ணெயை வடித்தார். அதில் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு இருந்தது; ஒன்றோடொன்று பழகிக்கொண்ட உலோகங்களின் துகள். புது எண்ணெயும் ஃபில்டரும் போட்டார்.

உங்கள் வீட்டிலும் தார்ப்பாய்க்குள் ஓர் இன்ஜின் இருக்கலாம். இப்போதைக்கு ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் இரண்டு சுற்றுத் திருப்பி, மறுபடி பூட்டி வையுங்கள். அரை மணி நேர வேலைதான்.